நார்ச்சத்துக் கணக்கில் எங்கே துண்டு விழுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வயது வந்த ஒருவர் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பிரிட்டனில் இலக்கு 30 கிராம். அங்கே சராசரி ஆள் 20-ஐக்கூடத் தொடுவதில்லை.

நம் வீட்டுச் சாப்பாட்டை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்துப் பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்ப்போம். இட்லி, தோசை, சோறு எல்லாமாக ஒரு நாளுக்கு 300 கிராம் அரிசி. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை, ஆக எட்டு சொச்சம். சாம்பார்ப் பருப்பும் மாவில் போட்ட உளுந்தும் 50 கிராம் என்றால் ஐந்து. பொரியல் காய் 100 கிராமுக்கு மூன்று, நான்கு. மொத்தம் 17 தேறும். எட்டு கிராம் துண்டு விழுகிறது.

உடனே கீரை என்பீர்கள். 100 கிராம் கீரை வதங்கினால் ஒரு கைப்பிடி, கிடைப்பது நான்கு கிராம் அளவுதான். முழுப் பயறுதான் கைகொடுக்கும். கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் இருக்கிறது. ஆனால் அது காய்ந்த கடலையின் கணக்கு! வெந்ததும் எடை இரண்டு மடங்காகிவிடும். 100 கிராம் சுண்டலில் பத்து, பன்னிரண்டுதான் வரும். அதுவே போதும், துண்டு அடைந்துவிடும். தோல் சீவாத ஒரு கொய்யாவும் ஏறக்குறைய எட்டு கிராம் தரும். ஜூஸாக்கி வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். கேழ்வரகு மாவை மெல்லிய சல்லடையில் சலிப்பதும் அப்படித்தான்.

முதல் நாளே கிண்ணம் நிறையச் சுண்டல் வேண்டாம். குடலில் உள்ள நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகும், வயிறு உப்பும், "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று விட்டுவிடுவார்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவையுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும்.

நார்ச்சத்துக்காக இசப்கோல் என்ற விதை உமியை எடுப்பவர்கள் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிடுங்கள். வைத்திருந்தால் கூழாகிவிடும், வெறும் வாயில் போட்டால் தொண்டையில் ஊதி அடைக்கும். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், மருந்து உடலில் சேருவது குறையும். குடலில் அடைப்பு வந்தவர்களும் அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம்.