அழித்த மெசேஜ் எங்கே போகிறது?

(திரையில்: விடியற்காலை இருட்டு. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் ஜீப்புகளின் விளக்கு வெளிச்சம்.)

வணக்கம். குமுளியில் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். கடையை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தினமும் என் கடை வாசலைத்தான் தாண்டிப் போகின்றன. சாயங்காலம் திரும்பும்போது சிலர் இறங்கிக் கடைக்கு வருவார்கள். கண்ணாடி உடைந்த போன், சார்ஜ் ஏறாத போன், ரீசார்ஜ். அப்புறம் ஒரு வேலை அடிக்கடி வரும்: "தம்பி, இதுல இருக்குற மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுக் குடுப்பா."

போன மாதம் ஒரு அக்கா அப்படித்தான் வந்தார். போனை மகளுக்குக் கொடுக்கப் போகிறார், அதற்குள் எல்லாம் காலியாக வேண்டும். திறந்து பார்த்தால் கங்காணி (ஆள் சேர்த்துத் தோட்ட வேலைக்கு அனுப்புபவர்) அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இரண்டு வருஷத்துக்கு இருக்கின்றன. எத்தனை நாள் வேலை, எவ்வளவு அட்வான்ஸ், எந்தத் தோட்டம் என்று எல்லாம் குரலில்.

"அக்கா, கணக்கெல்லாம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா, போன காய் எடுப்புப் பாக்கியே இன்னும் வரல."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அக்காவுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இந்த வீடியோவில் எல்லோருக்கும் சொல்கிறேன்.

(திரையில்: ஒரு மெசேஜ். அதிலிருந்து மூன்று கோடுகள்: உங்கள் போன், அவர் போன், பேக்கப்.)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய மெசேஜ் ஒரே இடத்தில் இருப்பதில்லை. உங்கள் போனில் ஒன்று, வாங்கியவர் போனில் ஒன்று, பேக்கப் (பத்திரமாக எடுத்து வைக்கும் நகல்) போட்டிருந்தால் அங்கே ஒன்று. வாட்ஸப்பில் "டெலீட் ஃபார் மீ" கொடுத்தால் உங்கள் கையிலிருக்கும் பிரதி மட்டும்தான் போகும். அடுத்தவர் போனில் அது அப்படியே இருக்கும். இரண்டு வருஷ உரையாடலையும் (சேட்) மொத்தமாக அழித்துவிட்டு, அந்தப் பக்கமும் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

அடுத்தவர் போனிலிருந்தும் எடுக்க "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" வேண்டும். 2017-ல் இந்த வசதி வந்தபோது 7 நிமிஷம்தான் கெடு. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் சற்றே கூடுதலாக்கினார்கள். 2022 ஆகஸ்ட்டில் அது 2 நாள் 12 மணி நேரம் ஆனது. அந்தக் கெடு தாண்டினால், நீங்கள் அனுப்பிய மெசேஜாகவே இருந்தாலும் அவர் போனிலிருந்து எடுக்க வழியில்லை. குரூப்பில் என்றால் அட்மின் மற்றவர்கள் போட்டதையும் அழிக்கலாம். யார் அழித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் மலைப்பக்கத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்துக்குள் போய்விட்டால் பல இடங்களில் டவர் கிடைக்காது. நீங்கள் அழிக்கக் கொடுக்கும்போது அவர் போன் சிக்னல் இல்லாமல் கிடந்தால், அந்தக் கட்டளை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். சேராமல் போனாலும், அழிப்பது நடக்கவில்லை என்று வாட்ஸப் உங்களுக்குச் சொல்லாது. அதை அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. போட்டோ அனுப்பியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வாங்கியவர் ஐபோன் வைத்திருந்து, படம் அவருடைய கேலரியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால், மெசேஜ் போன பிறகும் படம் அங்கே இருக்கும்.

அது போக, நோட்டிஃபிகேஷன். ஆண்ட்ராய்டு 11 முதல் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்திருப்பவர், கடந்த 24 மணி நேரத்தில் திரையில் வந்துபோன அறிவிப்புகளைத் திரும்பப் பார்க்கலாம். நீங்கள் அழித்த வரியும் அதில் இருக்கக்கூடும். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

(திரையில்: வாட்ஸப் செட்டிங்ஸ், சேட்ஸ், சேட் பேக்கப்.)

சரி, பேக்கப்புக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற இடம் இது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் தினமும் அதிகாலை 2 மணிவாக்கில் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. கடைசி ஏழு நாள் பிரதிகள் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் இருக்கும். கூகுள் கணக்கில் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் அங்கே ஒன்று. இன்றைக்குச் சேட்டை அழிக்கிறீர்கள், அடுத்த பேக்கப் எடுக்கும் முன்பே வாட்ஸப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறீர்கள், "ரீஸ்டோர்" (பழையதைத் திரும்பக் கொண்டு வரவா) என்று கேட்கும், ஆமாம் என்கிறீர்கள். அழித்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எனவே அழித்த கையோடு அதே கூகுள் கணக்கில் புதிதாக ஒரு பேக்கப் போடுங்கள். புதியது பழையதன் மேல் எழுதிவிடும். போனுக்குள் இருக்கும் தேதி போட்ட ஃபைல்களையும் ஃபைல் மேனேஜரில் போய் எடுத்துவிடுங்கள்.

அந்த பேக்கப்புக்கே பூட்டுப் போடவும் வழி உண்டு. 2021 அக்டோபரில் இந்த வசதி வந்தது. பாஸ்வேர்டு வைக்கலாம், அல்லது 64 எழுத்து சாவி. மறந்தால் வாட்ஸப்பாலும் திறந்து தர முடியாது, ஆகவே நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

தானாக மறையும் மெசேஜையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு இருக்கிறது. பழைய மெசேஜுக்கு இது பொருந்தாது, ஆன் செய்த பிறகு வருவதற்கு மட்டும்தான். கெடுவுக்குள் அவர் இந்த வசதி ஆன் ஆகாத வேறு சேட்டுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் அங்கே தங்கிவிடும்.

மற்ற ஆப்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் சேட்டை மொத்தமாக டெலீட் செய்தால் உங்கள் பக்கம் மட்டும்தான் போகும். இரண்டு பக்கமும் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு மெசேஜையும் அழுத்திப் பிடித்து "அன்செண்ட்" கொடுக்க வேண்டும். டெலிகிராம் தாராளம். தனிச் சேட்டில் 2019 முதல் யார் அனுப்பிய மெசேஜையும், எவ்வளவு பழையதானாலும், இருவர் பக்கத்திலிருந்தும் அழிக்கலாம். இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள்: உங்களுக்கு முக்கியமான மெசேஜை அவரும் உங்கள் போனிலிருந்து எடுத்துவிடலாம். கூலிக் கணக்கு டெலிகிராமில் வந்தால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

(திரையில்: கடைக் கவுண்டர். ஒரு போன், ஒரு மெமரி கார்டு.)

எதை அழிக்கக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். நம் பக்கத்தில் வேலை கேரளாவில், வீடு தமிழ்நாட்டில். எழுத்தில் ஒப்பந்தம் என்று ஒன்றைப் பலர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜீப் டிரைவரும் கங்காணியும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான் அவர்கள் கையிலிருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். பாக்கி நிற்கும்போது அதை அழித்தால், லேபர் ஆபீஸில் போய்க் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இடம் போதவில்லை என்றால் வழி இருக்கிறது. அந்தச் சேட்டுக்குள் போய் மேலே மூன்று புள்ளி, அப்புறம் "மோர்", அப்புறம் "எக்ஸ்போர்ட் சேட்". மீடியாவோடு சேர்த்து எடுங்கள், வாய்ஸ் மெசேஜும் வந்துவிடும். ஆனால் வழக்கு என்று வந்தால் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று 2023-ஆம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்கிறது. அசல் மெசேஜ் இருக்கும் அந்தப் போன் கையில் இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும்.

இன்னொன்று. யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால், பதற்றத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அந்தச் சேட்டை அழிப்பதுதான். வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். தயவுசெய்து அழிக்காதீர்கள். தங்கச்சி, நீங்கள் தப்பு செய்யவில்லை. நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண். கேரள சிம்மோ தமிழ்நாட்டு சிம்மோ, எதிலிருந்தும் அடிக்கலாம்.

கடைசியாக, போனை விற்கும்போதும் வேறொருவருக்குக் கொடுக்கும்போதும். சேட்டை மட்டும் அழித்துக் கொடுப்பது போதாது. கூகுள் கணக்கிலிருந்து வெளியே வந்து, மெமரி கார்டைக் கழற்றி, பிறகு ஃபேக்டரி ரீசெட் (போனை மொத்தமாகக் காலியாக்குவது) போடுங்கள். இப்போது வரும் ஆண்ட்ராய்டு போன்களில் தகவல் எல்லாம் பூட்டப்பட்டே இருக்கும். ரீசெட் போட்டால் பூட்டின் சாவியே போய்விடும். கடைக்காரர் செய்துகொள்வார் என்று விட்டுவிடாமல், உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். நானும் கடைக்காரன்தான், சொல்கிறேன்.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு ரீசெட் போடவில்லை. கங்காணி சேட்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து மெமரி கார்டில் ஏற்றி, கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன். போனை முந்தானையில் முடிந்துகொண்டு, "பாக்கி வந்ததும் கொண்டு வர்றேன், அப்ப அழிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.