இஞ்ச் டேப்பும் எடை மெஷினும்

நேயர்களுக்கு வணக்கம். நான் 31 வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவன். உடல் எடையைப் பற்றிப் பேச டாக்டரை விட்டுவிட்டு டெய்லரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஊரில் யாருக்கு எப்போது தொப்பை போட்டது என்பது டாக்டருக்கு முன்னால் டெய்லருக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்குத் தீபாவளி அளவு எடுக்கிறோமே. "போன வருஷ அளவே போதும்ணே" என்பார்கள். டேப்பைச் சுற்றினால் ஒன்றரை இஞ்ச் கூடியிருக்கும். வாயைத் திறக்காமல் நோட்டில் குறித்துக்கொள்வேன். இன்னும் சிலர், 20 வருஷமாக 34 இஞ்ச் பேண்ட்தான் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். தொப்புளுக்கு நேராக டேப் வைத்தால் 41 காட்டும்.

நானும் அந்த ரகம்தான். 54 வயது, 165 சென்டிமீட்டர் உயரம், 84 கிலோ.

குறைக்க முயற்சி செய்யாமல் இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, அதை நம்பி ஒரு மாதம் கொள்ளு ரசம். அப்புறம் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும். கடைக்கே வந்து ஒருவர் மாவு டப்பா விற்றுவிட்டுப் போனார். மூன்று கிலோ குறைந்தது; டப்பா தீர்ந்ததும் நான்கு கிலோ ஏறியது. ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். ஐந்து சப்பாத்தி, கூட உருளைக்கிழங்குக் குருமா. கோதுமையும் அரிசியும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 340, 350 கலோரி என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? முதலில் பார்த்த ஒரு டாக்டர் சீட்டில் 'எடையைக் குறைக்கவும்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்த பிறகுதான் இன்னொரு டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். தைராய்டு பார்த்தார், சரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பழியைப் போட ஒரு இடம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஐயா, கழுத்துல இருக்கிற டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்றார். கடையிலிருந்து அப்படியே போயிருந்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விடச் சொல்லிப் பார்த்தார். 42. இத்தனை வருஷம் ஊருக்கே அளவெடுத்த டேப், என் வயிற்றை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுற்றியது.

நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுக்கு மேல் போனால் கவனிக்கணும் என்றார். எங்கள் கணக்கில் ஏறக்குறைய 35½, 31½ இஞ்ச். எடையைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். செல்போனில் ஒரு படம் காட்டினார். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த படமாம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நமக்கு உள்ளே கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில்தான் போய் உட்காரும் என்றார். அதனால்தான் நமக்கு அந்த எண் 23-ஐத் தாண்டினாலே கூடுதல், 25-ஐத் தொட்டால் பருமன் என்று வைத்திருக்கிறார்களாம். எனக்கு 31-ஐ நெருங்கியிருந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், நான் எதிர்பார்க்கவே இல்லை. "மெஷினுக்கு மோட்டார் எப்ப போட்டீங்க?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வருஷம். அதுவரை பகல் முழுக்கக் காலால் மிதித்துக்கொண்டிருந்தவன், அதன்பின் பாதத்தை லேசாக அழுத்துவதோடு சரி. காஜா எடுக்க வரும் பையன் டீ வாங்கி வருவதால் தெருமுனைக்குக்கூட நடப்பதில்லை. ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டாக்டரம்மா பேப்பரில் எழுதிக் காட்டினார்: 14 ஸ்பூன், 70 கிராம், 280 கலோரி. நாலு இட்லி சாப்பிட்ட கணக்கு. வயிறு நிறைந்த திருப்தியும் கிடையாது.

மருந்து எழுதவில்லை. டீயை மூன்றாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனாக்கச் சொன்னார். மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதியில் பருப்போ முட்டையோ மீனோ. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகநடை. ஆறு மாதத்தில் நாலிலிருந்து ஆறு கிலோ குறைந்தால் போதும் என்றார். 15 கிலோ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். எடை குறைய வாராவாரம் போடுகிற ஊசி பற்றிக் கேட்டேன், வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். அது வேண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது, முதலில் இதைச் செய்யுங்கள் என்றார்.

நாலு மாதத்தில் 79 கிலோவுக்கு வந்தேன். அதோடு முள் நின்றுவிட்டது. இரண்டு மாதம் அசையவில்லை. ஒரு நாள் கோபத்தில் டீயில் பழையபடி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுத்தான் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். உடம்பு இளைத்தால் அதன் கலோரிச் செலவும் குறையும், அதனால் எடை இறங்குவது நிற்கும், எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். மறுபடி டேப்பைக் கேட்டார். 39½. எடை நின்ற இரண்டு மாதத்திலும் முக்கால் இஞ்ச் இறங்கியிருந்தது.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்குப் பெரிய தெம்பு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போலச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், நடையும் சாப்பாடும் மாற்றிய அந்தக் கூட்டத்தில் எடை பெரிதாகக் குறையவே இல்லை. முள் நகராத நாட்களிலும் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

இப்போது 38. இன்னும் 35½-க்குத் தூரம் இருக்கிறது. போன வாரம் என் பேண்ட்டுகளை எல்லாம் பிரித்து, இடுப்பில் பிடித்துத் தைத்தேன். மிச்சத் துணியை வெட்டவில்லை, உள்ளேயே மடித்து விட்டிருக்கிறேன். "இனிமே எதுக்குங்க அது, வெட்டிட வேண்டியதுதானே?" என்று வீட்டில் கேட்டாள். தையல்காரன் புத்தி, இருக்கட்டும் என்றேன். நன்றி, வணக்கம்.