கண் ஏமாறும், கை ஏமாறாது

நடுவர் அவர்களே, கொலுசுப் பட்டறையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்களே, வணக்கம்.

'ரத்தினங்களுக்குப் பெயர் தந்தது பார்த்தவர் கண்ணா, உழைத்தவர் கையா?' என்பது தலைப்பு. எதிரணித் தம்பி கண்தான் என்றார். மாணிக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ரூபி என்ற பெயர் சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நீலம் என்பதோ நிறமேதான் என்று அடுக்கினார். சரி, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மாணிக்கமும் நீலமும் உள்ளுக்குள் ஒரே கல் என்பதைத் தம்பி சொல்லவில்லையே! அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் அது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். எதுவும் கலக்காவிட்டால் நிறமே கிடையாது. அந்தக் கல்லுக்கு அறிவியலில் பெயர் கொரண்டம். ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள், அந்தச் சொல்லுக்கு மூலம் தமிழ்க் 'குருந்தம்' என்று இருக்கும். மாணிக்கத்தைக் குறிக்கும் வடமொழிக் குருவிந்தம் இதற்கு உறவுச் சொல், அதையும் மறைக்கவில்லை.

குருந்தக்கல் நமக்குத் தூரத்துச் சரக்கா? 1997 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்து, இப்போது நாமக்கல்லில் இருக்கும் சித்தம்பூண்டிப் பாறைகளில் கிடைப்பது. அதைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்தார்கள். சாணைக்காரர் எங்கள் தெருவில் நின்று, காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். அரிவாளை வைத்ததும் பொறி பறக்கும். அப்புறம் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பதம் பார்த்துத்தான் அம்மா கையில் கொடுப்பார். தீட்டவும் அறுக்கவும் பயன்பட்ட கல்லின் பெயர்தான் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் குடும்பப் பெயராகி நிற்கிறது.

டயமண்டையும் பாருங்கள். கிரேக்க 'அடமாஸ்' என்பதிலிருந்து வந்தது. அடக்க முடியாதது என்று பொருள். உடைத்துப் பார்த்துத் தோற்ற கைக்கல்லவா அது தெரியும்?

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து மணிமுடியே சாட்சி. அதன் முகப்பில் இருக்கும் பெரிய சிவப்புக் கல்லை 'கறுப்பு இளவரசரின் ரூபி' என்பார்கள். அது ரூபியே இல்லை, ஸ்பினல் என்ற வேறொரு கனிமம். பத்து வரை போகும் கடின அளவுகோலில் ஸ்பினலுக்கு 8, குருந்தத்துக்கு 9. நம் சாணைக்கல்லின் பொடியே அந்த மணிமுடிக் கல்லில் கீறல் போட்டுவிடும், நடுவர் அவர்களே!