தராசுக்கு வெள்ளைத் தாள் தெரியுமா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வீட்டுக் காகிதக் குப்பையைக் குறைக்க வழி வீட்டிலேயே திரும்பப் பயன்படுத்துவதா, பழைய பேப்பர் கடையில் போடுவதா? திரும்பப் பயன்படுத்துவதே என்று பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவி அம்மா, "சேர்த்து வச்சா கரப்பான்தான் குடியேறும், கடையில போட்டா காசும் வரும், ஆலை அதைப் புதுத் தாளாக்கிடும்"னு சொல்லிக் கைதட்டல் வாங்கினாங்க. நானும்தான் தட்டினேன். ஆனா அம்மா, கடைக்காரர் தராசுல நோட்டை வைக்கும்போது எழுதாத பக்கத்துக்குன்னு தனி விலையா போடுறாரு? எல்லாம் ஒரே கிலோ கணக்குதானே!

முழுப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் வீட்டைப் பாருங்க. சமூக அறிவியல் நோட்டு, 96 பக்கம். நம்ம பிள்ளை எழுதினது 20. அதைப் படிச்சுதா என்பது வேற பட்டிமன்றம், விடுங்க. அவசரப்பட்டு டர்ருன்னு கிழிக்காதீங்க, ஒரு தாளைக் கிழிச்சா அதோட ஜோடி கழண்டு விழும். நடுப்பக்கத்தை விரிச்சு, ஸ்டேப்ளர் பின்னோட ரெண்டு காலையும் கத்தி முனையால நிமிர்த்தி, வெள்ளையை மட்டும் உருவுங்க. 14 முழுத் தாள், 56 பக்கம்! நாலு நோட்டுல உருவினதை அடுக்கி, பழைய காலண்டர் அட்டையை மேல வச்சு, கோணி ஊசியால மூணு துளை போட்டுத் தச்சா அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு தயார். எழுதின தாளுக்கு ஜோடியா நோட்டோட பின்பாதியில நிக்கிற வெள்ளைத் தாள் மளிகைச் சீட்டுக்கு.

ஆலைக்குப் போனா சும்மாவா புதுத் தாள் வருது? கூழாக்கத் தண்ணி, மை எடுக்க ரசாயனம், லாரிக்கு டீசல். ஒவ்வொரு சுத்துக்கும் நார் குட்டையாகும். முடிவில்லாம சுத்திக்கிட்டே இருக்க முடியாது. அதுல ஒரு சுத்தைப் பாதி வெள்ளையா இருக்கும்போதே செலவழிக்கலாமா? 1979-ல தமிழக அரசு தொடங்கின காகித நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரத்துல கரும்புச் சக்கையிலிருந்து தாள் எடுக்குது. அவங்க சக்கையையே விடல, நாம வெள்ளைத் தாளை எடைக்குப் போடுறோம்!

எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழச் சொல்லல. பஜ்ஜியைச் செய்தித்தாள்ல சுத்துறதை என் கணக்குல சேர்க்காதீங்க. அச்சு மை எண்ணெயோட வயித்துக்குப் போகும்னு 2023-ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரிச்சது. ரெண்டு பக்கமும் எழுதித் தீர்ந்த தாளா? தாராளமா கடைக்கு அனுப்புங்க, அப்போ நானும் அம்மா கட்சி.

கல்யாணப் பத்திரிகை உறைன்னு இன்னும் சொல்லலாம், மணி அடிச்சிடுவீங்க. ஐயா, நீங்க குறிப்பெடுக்கிற தாளை எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. எங்க அணிக்குச் சாதகமான தீர்ப்பை அதுலயே எழுதிடுங்க. வணக்கம்.