ஹோங் லிம்மில் கேட்ட சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். நம் சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு 1961தான் ஞாபகம் வரும். அப்போது நமக்குச் சுயாட்சி கிடைத்திருந்தது. ஆனால் வெளியுறவும் தற்காப்பும் பிரிட்டிஷ்காரர்கள் கையில்.

ஹோங் லிம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஓங் எங் குவான். முன்னாள் மேயர். மேயரின் செங்கோலே வேண்டாம் என்று ஒதுக்கியவர். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் அவர் பேசினால் கூட்டம் நகராது. 1959இல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அமைச்சரானார். மறுவருடமே தலைமையை எதிர்த்து 16 தீர்மானங்கள்! பதவி போனது, கட்சியும் நீக்கியது. டிசம்பரில் சட்டமன்ற இடத்தையும் ராஜினாமா செய்தார். செய்துவிட்டு அதே இடத்துக்கு வந்த இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மக்கள் செயல் கட்சிக்காகப் பிரசாரம் செய்த அன்றைய பிரதமர் லீ குவான் இயூவுக்கு ஹொக்கியன் வராது. எதிராளியோ அதில் புலி. வேறு வழி? வாத்தியார் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். முதல்முறை மேடையில் பேசியபோது கூட்டத்திலிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒலி தப்பு, தொனி தப்பு, வாக்கியமும் தப்பு. பின்னாளில் அவரே எழுதியது. எனக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். நாற்பது வயதுக்கு மேல் மாண்டரின் கற்றுக்கொண்டு, மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன். தொனி புரண்டு, 'வாங்க வந்தேன்' என்பது 'விற்க வந்தேன்' ஆகிவிட்டது. மீன்காரம்மா என் வெறும் பையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மறுவாரமும் அதே கடைக்குத்தான் போனேன். லீயும் அப்படித்தான், மறுபடி மறுபடி மேடையேறினார்.

ஏப்ரல் 29 வாக்கெடுப்பு. ஓங்குக்கு 7,747, கட்சி வேட்பாளர் ஜெக் இயூன் தோங்குக்கு 2,820. கொள்கை, உட்கட்சிச் சண்டை என்று காரணம் அடுக்குவார்கள். இருக்கட்டும். வீட்டில் பேசுகிற மொழியில் பேசியவரை ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, எனக்குத் தோன்றுவது அதுதான். ஆனால் பிரதமரின் பாடம் வீண்போகவில்லை. பிறகு எத்தனையோ கூட்டங்களில் அந்த ஹொக்கியன் கைகொடுத்தது.

ஆன்சன் தொகுதியின் கதையையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிந்ததென்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஜூலையில் அங்கேயும் கட்சி தோற்றது, டேவிட் மார்ஷல் ஜெயித்தார். ஓங்? 1965இல் அதே ஹோங் லிம்மை இன்னொரு முறை ராஜினாமா செய்தார். இந்த முறை அவர் நிற்கவில்லை. இடம் கட்சிக்கே போனது. வணக்கம்.