சிறகும் கடலும்: வௌவால்களின் மரபணு சொல்லும் புவியியல்

நேயர்களுக்கு வணக்கம்.

வௌவாலைப் பற்றிப் பேசுவதற்குச் செட்டிநாட்டில் பெரிய முன்னுரை தேவையில்லை. மாசி, பங்குனி மாதங்களில் இலுப்பை பூக்கும்போது, இரவெல்லாம் மரத்தில் சிறகடிக்கும் ஓசை கேட்பதையும், விடியலில் மரத்தடியில் சதைப்பற்றுள்ள அந்த இனிய பூக்கள் கடிபட்டுக் கிடப்பதையும் நம்மில் பலர் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோம். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழுந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். பாலூட்டிகளில் உண்மையாகவே பறக்கக்கூடியவை வௌவால்கள் மட்டுமே. ஆறும் மலையும் அவற்றைத் தடுக்காது என்றால், ஓர் ஊரின் வௌவாலும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வௌவாலும் மரபணு அளவில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இருக்கின்றனவா?

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் வழக்கம் ஒன்றே கைகொடுக்கிறது. நகரத்தார் சமூகத்தினர் ஒன்பது கோயில்களின் பெயரால் ஒன்பது பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறார்கள். பொதுவாக ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் தமக்குள் மணம் செய்வதில்லை. இளையாத்தங்குடிக்காரர் வீட்டுக்கு மாத்தூர்க் கோயில் பெண் வருகிறாள். திருமணத்துக்குப் பின் கணவனின் கோயிலே அவளுடைய கோயில். பிள்ளைகளும் இளையாத்தங்குடிக் கணக்கில்தான் சேர்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் மரபணுத் தொடர் தாய் வழியாக மட்டுமே வருவது. ஆகவே அது மாத்தூரிலிருந்து வந்த தாயிடமிருந்து கிடைத்ததுதான். கோயில் கணக்கு ஒரு கதையைச் சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறொரு கதையைச் சொல்லும். வௌவால்களிலும் இப்படித்தான். தாய்வழி மரபணுவையும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகிற உட்கரு மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தால், பெண்கள் இடம் பெயர்ந்தனவா, ஆண்கள் பெயர்ந்தனவா, அல்லது கூட்டம் முழுவதும் நின்ற இடத்திலேயே நின்றதா என்று அறியலாம். இதற்காக வௌவாலைக் கொல்ல வேண்டியதில்லை. சிறகுச் சவ்வில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு வட்டம் எடுத்தால் போதும், சில வாரங்களில் அது ஆறிவிடும்.

முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போவோம். அங்கே வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால் என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாம்பியா நாட்டின் கசங்கா தேசியப் பூங்காவில் பல லட்சக்கணக்கில் கூடுவது இதுதான். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டத்தின் மேற்கிலிருந்து கிழக்குவரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் வாழும் இந்த வௌவால்கள், மரபணு அளவில் கலந்து ஒரே கூட்டமாகவே வாழ்கின்றன என்று காட்டியது. ஒரு நோய்க்கிருமி ஒரு மூலையில் நுழைந்தால் அது கண்டம் முழுவதும் பரவ வழி உண்டு என்பதும் இதிலிருந்து விளங்கியது. ஆனால் அதே ஆய்வு கினி வளைகுடாத் தீவுகளுக்குப் போனபோது கதை மாறியது. கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் பயோகோ தீவின் வௌவால்கள் கண்டத்து வௌவால்களோடு ஒன்றாகவே இருந்தன. கண்டத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஆழ்கடலுக்கு நடுவே கிடக்கும் சின்னஞ்சிறு அன்னோபோன் தீவின் வௌவால்களோ மரபணுவில் தெளிவாகப் பிரிந்து நின்றன. உடலளவிலும் அவை சிறியவை. நிலத்தின் மீது ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைத் தாண்டுகிற அதே சிறகு, இறங்கி இளைப்பாற மரமில்லாத கடலுக்கு முன்னால் தயங்குகிறது.

கடல் எவ்வளவு அகலம் என்பதைவிட, எவ்வளவு ஆழம் என்பது சில இடங்களில் முக்கியமாகிவிடுகிறது என்பதை இந்தோனேசியத் தீவுகள் காட்டுகின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீர் பெருமளவு பனியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, சாவகம் (ஜாவா), போர்னியோ எல்லாம் மலாயாவோடு ஒரே நிலமாக இணைந்திருந்தன. ஆனால் பாலி, லொம்போக் தீவுகளுக்கு இடையிலுள்ள நீரிணை ஆழமானது. அங்கே அப்போதும் கடல் வற்றவில்லை. இந்தத் தீவுகளில் வாழும் குட்டைமூக்குப் பழந்தின்னி வகைகளை ஆராய்ந்து 1995இல் வெளியான கட்டுரை ஒன்று, தீவுகளுக்கிடையே காணும் மரபணு வேறுபாடு, அந்தப் பனியுகத்தில் தாண்ட வேண்டியிருந்த கடல் தொலைவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று கண்டது. மறைந்துபோன ஒரு கரையோரத்தின் வரைபடத்தை அந்தச் சிறு உயிர்கள் இன்னும் தம் உடலுக்குள் வைத்திருக்கின்றன. நம் முன்னோர் மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனது கப்பலில். அதே நாட்டிலிருந்து சாவகத்துக்கு வௌவால்கள் ஒரு காலத்தில் கடல் தாண்டாமல், காட்டின் மேலேயே பறந்து போயிருக்க முடியும். தொண்டிக் கடற்கரையில் நிற்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. அந்தப் பனியுகத்தில் இலங்கையும் நமக்குத் தொடர்நிலமே.

இனி நம் நாட்டு வௌவாலுக்கு வருகிறேன். குட்டைமூக்குப் பழந்தின்னி நம் தோப்புகளில் சாதாரணமாகக் காணப்படுவது. எடை 50 கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும். பனை ஓலைகளுக்கிடையிலும் நெட்டிலிங்க மரத்திலும் தங்கும்; ஆண் வௌவால் கூந்தல்பனையின் காய்க்குலையில் நடுச்சரங்களைக் கடித்து உதிர்த்து, மணியின் உட்புறம் போன்ற ஒரு கூடாரத்தை அமைக்கும்; அதில் பல பெண் வௌவால்கள் வந்து சேரும். இந்த இனத்தைத் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கி அளந்துகொண்டே போன ஆய்வாளர் ஜே ஸ்டோர்ஸும் பாளையங்கோட்டை பாலசிங் உள்ளிட்ட அவருடைய இந்தியத் தோழர்களும், 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னார்கள். வடக்கே போகப் போக உடல் பெரிதாகிறது. ஆனால் உடலின் தோற்றத்தோடு தொடர்பில்லாத நடுநிலையான மரபணுக் குறிகளைப் பார்த்தால், ஊருக்கு ஊர் வேறுபாடு மிகக் குறைவு.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். என் கருத்தில் இன்றைய உரையின் உயிர்நாடி இதுதான். குறிகள் இவ்வளவு ஒத்திருப்பதால் வௌவால்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்விட்டு ஊர் கலந்துகொண்டே இருந்திருக்கின்றன. அந்தக் கலப்பு மட்டுமே நடந்திருந்தால் உடலளவும் எங்கும் ஏறத்தாழ ஒன்றாக ஆகியிருக்கும். ஆகவில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ள தட்பவெப்பம், கலந்து வருகிற குட்டிகளில் தனக்கு ஏற்ற உடலளவைத் தேர்ந்து நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. குளிரும் வறட்சியும் மிகுந்த வடக்கில் பெரிய உடல் வெப்பத்தை மெதுவாக இழக்கும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நம் பக்கத்தில் அந்தத் தேவை இல்லை. அன்னோபோனில் புவியியல் வேலை செய்தது வழியை அடைத்து; இங்கே வழியைத் திறந்தே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

எல்லா வௌவாலுக்கும் இது பொருந்தாது. அடர்ந்த மழைக்காட்டின் உள்ளே, மரங்களுக்கிடையில் வளைந்து நெளிந்து மெதுவாகப் பறந்து பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்கள் உண்டு. அவற்றின் அகன்ற, குட்டையான சிறகு அந்த நெரிசலுக்காக அமைந்தது. வெட்டவெளியில் நெடுந்தூரம் போவதற்கல்ல. காட்டை வெட்டி நடுவே தோட்டப்பயிர் வைத்தால், மனிதருக்குச் சில நிமிட நடையாக இருக்கும் இடைவெளிகூட அவற்றுக்கு ஒரு கடலாகிவிடக்கூடும். நம் இலுப்பைக்கு வரும் வௌவால் அப்படியல்ல. கண்மாய்க்கரைப் பனை, கோயில் நந்தவனம், ஊரணிக்கரை ஆலமரம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, இந்த வறண்ட வெளியை ஒரே இரவில் அது கடந்துவிடுகிறது. அந்த மரங்கள் வரிசையாக நிற்கும்வரை, இலுப்பைக்குடி வௌவாலுக்கும் திருநெல்வேலி வௌவாலுக்கும் இடையே வழி திறந்தே இருக்கும்.

வணக்கம்.