ஐஸும் குறிப்பேடும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஏற்றுமதி என்றதும் கொழும்புத் துறைமுகமும் அடுக்கடுக்கான கொள்கலன்களுமே நம்மில் பலருக்கு நினைவில் வருகின்றன. நான் இன்று பேச வந்திருப்பது, நமது திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் விடியற்காலையில் படகிலிருந்து இறக்கப்படும் ஒரு சூரை மீனைப் பற்றியது.

கொள்வனவுக்கு வருபவர் மீனின் உடலில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, சிறு துண்டுச் சதையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலிடையில் தேய்ப்பார். சதை சிவந்து பளபளத்தால் அம்மீன் விமானம் ஏறும். மங்கிப் பழுப்பேறியிருந்தால் உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். இரண்டையும் பிடிக்கச் செலவான டீசலும் உழைப்பும் ஒன்றுதான். தூண்டிலில் போராடும் சூரையின் உடற்சூடு கடல்நீரின் சூட்டையும் தாண்டி ஏறிவிடுவதால், உடனே செவுளையும் குடலையும் அகற்றி ஐஸில் புதைக்காவிட்டால், சதையில் இயல்பாகவே உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிர்கள், உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நோயைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்குகின்றன. அப்படி உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது. பரிசோதிக்கப்படும் மாதிரிகளில் ஹிஸ்டமினின் சராசரி அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஆகவே கூடுதலாக மீன் பிடிப்பதைவிட, பிடித்த மீனைக் கெடாமல் கரைசேர்ப்பதே நமக்கு அதிக வருமானம் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடலின் வளம் அடுத்த தலைமுறைக்கும் எஞ்ச வேண்டுமானால் அதைத் தவிர வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

ஐஸ் மட்டும் போதாது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. நமது மீன் பழுதானது என்று அப்போது எவரும் சொல்லவில்லை. ஆழ்கடலில் நம் படகுகள் எங்கே, எப்படி மீன்பிடிக்கின்றன என்பதை நாடு போதியளவு கண்காணிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, சட்டங்கள் திருத்தப்பட்ட பின்னரே 2016 ஜூனில் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுகளில் ஒழுங்காகத் தொழில் செய்தவர்களுக்கும் அந்தச் சந்தை மூடியே கிடந்தது.

  

வளர்முக நாடுகளின் நிலைபேறான அபிவிருத்திக்கு உதவ முன்வருவோர் பெருங்கட்டடங்களுக்கு முன்பாக ஐஸ் தொழிற்சாலையையும், காப்பிட்ட மீன்பெட்டியையும், எங்கே, எப்போது, எவ்வளவு மீன் பிடித்தோம் என்று கடலோடி பதிந்து வைக்கும் குறிப்பேட்டையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த படகோட்டி ஒருவர் முப்பது ஆண்டு கடல் அனுபவம் உள்ளவர். வலை விழுந்த இடத்தை நட்சத்திரம் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பேடோ அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. ஒரு பயணத்தில் திகதியையும் மீனின் நிறையையும் கட்டம் மாற்றி எழுதியதால், பழுதில்லாத மீன் ஏற்றுமதிக்குத் தேவையான பத்திரம் இன்றித் தேங்கி, பாதி விலைக்குப் போனது. பிறகு அவருடைய மகள் ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பையும் தமிழில் எழுதி, குறிப்பேட்டு அட்டையின் உட்புறத்தில் ஒட்டிக் கொடுத்தாள். அந்த ஒற்றைத் தாள் முறையாக அச்சிடப்பட்டு, இம்மாவட்டத்திலிருந்து ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகுக்கும் கிடைக்க வேண்டும் என்று பொறுப்பானவர்களை இந்த வானொலி வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.